மேஸ்திரி உறங்காத வீடு

நாய் வளர்ப்பது என்று முடிவானதும் கணவனும் மனைவியும் ஒரு விஷயத்தில் ரொம்பவே பெருமைப்பட்டுக்கொண்டார்கள். வேலைக்குப் போகிற மற்றவர்கள் வீட்டு நாய்களைப் போல அவர்களுடைய நாய் நாளெல்லாம் தனியாகக் கிடக்க வேண்டியதில்லை. அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். விடிவதற்கு முன் கிளம்பி மதியம் தாண்டித் திரும்புவான். அவளுக்கு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிஃப்ட். அவன் வரும் நேரத்துக்குக் கிளம்பி, அவன் தூங்கிய பிறகு வந்து சேருவாள். லிஃப்ட் வாசலில் ஒருவர் இறங்க ஒருவர் ஏற, சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, தண்ணீர் வரி கட்டியாகிவிட்டது என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அதற்குள் கதவு மூடிக்கொள்ளும்.

கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகம் ஊரின் விளிம்பில் இருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பொறுப்பாளர் அம்மாள், பெண் பார்க்க வந்தவர்களை விசாரிப்பதுபோல் விசாரித்தார். எந்த மாடி, லிஃப்ட் ஓடுமா, பால்கனியில் கம்பி வலை உண்டா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி. அவள் எல்லாவற்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்தாள்.

"எப்பவும் எங்கள்ல ஒருத்தர் வீட்ல இருப்போம்" என்றாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எப்ப இருப்பீங்க?"

கணவன் குழாயடியில் நீர் நிரம்பி வழிந்த வாளியைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை என்று அவள்தான் சொன்னாள். அது பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவனுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு வண்டி பழுதாகி நிற்குமாம்.

குட்டி வேண்டாம் என்று பொறுப்பாளர் முதலிலேயே தள்ளிவிட்டார். அடிக்கடி கீழே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அவனுக்குப் பிடித்த குட்டைக்கால் நாயும் ஆகவில்லை. காலடிச் சத்தம் கேட்டாலே அது தொண்டை கிழியக் குரைக்குமாம், மாடிக் குடியிருப்பில் வைத்தால் மொத்தக் கட்டடமும் வாசலில் வந்து நிற்குமாம். கடைசி அடைப்பில் காது மடிந்த, பழுப்பும் வெள்ளையும் கலந்த பெண் நாய் ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. உடனிருந்த சின்ன நாய்களை ஒன்றொன்றாய் முட்டித் தள்ளி மூலையில் சேர்த்தது. ஒன்று நழுவினால் மறுபடி போய் அழைத்து வந்தது.

அவளால் அதை விட்டு நகர முடியவில்லை. அதன் அலைச்சல் ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகத் தோன்றியது.

"இது மந்தை மேய்க்கிற இனம்மா. மாடி வீட்டுக்குச் சரிப்படுமான்னு சந்தேகந்தான். காலுக்கும் வேலை வேணும், மூளைக்கும் வேலை வேணும்" என்றார் பொறுப்பாளர்.

காலையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடத்துகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்ற பேச்சோடு நாய் வீட்டுக்கு வந்தது.

வந்த நாளே அது அறை அறையாகப் போய்ப் பார்த்தது. கணவன் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் வேலைக்குப் போனால் வாசல் கதவடியில் மூக்கை வைத்துக் கிடக்கும். அவன் வந்ததும் குதித்துக் கும்மாளம் போட்டுவிட்டு, உடனே அவளைத் தேடும். அதற்குள் அவள் லிஃப்ட்டில் இறங்கியிருப்பாள். பால்கனி, குளியலறை, கட்டிலடி எல்லாம் அலசிவிட்டு மறுபடி கதவடிக்கு வரும். காலையில் பூங்காவை எத்தனை முறை சுற்றினாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் நடை தொடங்கிவிடும். சாப்பாட்டு மேசையின் ஒரு காலைக் கடித்துக் கூர்மையாக்கியது. சரியாகத் தூங்காமல் அதன் கண்கள் சிவந்தன. அவளுக்கும் தூக்கம் கெட்டது. ரத்த மாதிரிக் குப்பிகளில் சீட்டு ஒட்டும்போது ஒருமுறை பெயர் மாற்றி ஒட்டப் போனாள். சக ஊழியை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஒரு நாள் காலையில் கீழ் வீட்டுத் தையல்காரர் மேலே வந்தார். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் மன்னிப்போடு கதவைத் திறந்தாள்.

"அதுக்கில்லம்மா. வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையான்னு கேக்கத்தான் வந்தேன். நாளெல்லாம் யாரோ நடந்துக்கிட்டே இருக்காங்க."

நாய்தான் என்று அவள் சொன்னாள். அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அவரையும் உள்ளே தள்ளிச் சேர்க்கப் பார்த்தது.

"சாயங்காலம் கேக்கறது இதுவா இருக்கலாம். காலைல கேக்கறது நாய் வர்றதுக்கு முன்னாடியும் இருந்துச்சே" என்றார் அவர், குற்றம் சொல்லும் தொனி இல்லாமல்.

அவர் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் ஜன்னலருகே நின்றிருந்தாள். பிறகு சமையலறையில் நின்றிருந்தாள். ஒவ்வொரு அறையிலும் நாய் கூடவே வந்தது.

அந்த வாரம் கணவனின் கைவிரல் ஜாக்கியில் நசுங்கி, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் காலையிலேயே வந்து நின்றது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவன் கூடத்தில் உட்கார்ந்தால் இவள் படுக்கையறைக்குப் போனாள். அவன் தண்ணீர் குடிக்க எழுந்தால் இவள் ஒதுங்கி வழிவிட்டாள். விருந்துக்கு வந்த, அறிமுகமில்லாத இரண்டு பேரைப் போல ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. அவன் குதிகாலைச் செல்லமாய்க் கவ்விச் சமையலறைக்குக் கொண்டுவந்து விட்டது. பிறகு ஓடிப்போய் அவளை முழங்கால் மடிப்பில் முட்டி முட்டி அங்கேயே தள்ளியது. இருவரும் உள்ளே வந்ததும் வாசற்படிக்குக் குறுக்கே படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. கண்ணை மூடியது. வந்த நாளிலிருந்து அது அப்படித் தூங்கி அவர்கள் பார்த்ததில்லை. தாண்டிப் போகக் கால் வரவில்லை இருவருக்கும்.

அவள் அடுப்பு மேடையோரம் ஒதுங்கி நின்றாள்.

"எனக்குப் பகல் ஷிஃப்ட் தர்றேன்னாங்க. போன வருஷமே. நான் வேண்டாம்னுட்டேன்" என்றாள் அவள். நாயை எழுப்பிவிடக் கூடாதென்று தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

அவன் கட்டுப்போட்ட விரலைத் தடவினான்.

"ஏன்?"

"நீங்க இருந்தா எங்க உக்கார்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க இல்லன்னாலும் உக்கார முடியல."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வண்டியும் பழுதாகவில்லை என்றான். பணிமனையில் இன்னொருவனின் முறையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறானாம். அவளோடு சண்டை ஒன்றும் இல்லை, பேச ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயந்தான் என்றான். சொல்லி முடித்ததும் முகம் சிவந்தது.

அவளுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு எரிச்சல், அப்புறம் ஏனோ சிரிப்பு. எதிர்ச்சுவரில் சாய்ந்து அவளும் உட்கார்ந்தாள். கால்கள் இடித்தன. சின்ன சமையலறை. கால் மரத்துப்போகும்வரை பேசினார்கள். பாதி கணக்குத் தீர்ப்பது, பாதி பணிமனைக் கதை. நடுவில் சண்டையும் வந்தது. அதையும் தாழ்ந்த குரலிலேயே போட்டார்கள்.

மேஸ்திரியைத் திருப்பிக் கொடுப்பதென்று அன்றே முடிவாயிற்று. அவள் பகல் ஷிஃப்ட் கேட்டுப் பார்ப்பாள். கிடைத்தால் மதியம் தாண்டும்வரை வீடு காலியாக இருக்கும், மேஸ்திரியால் அது முடியாது. காப்பகத்தில் பொறுப்பாளர் ஏன் என்று கேட்கவில்லை. வாத்துப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணி இப்படி ஒன்றைத்தான் கேட்டிருந்தாராம். அடைப்புக்குள் விட்டதும் மேஸ்திரி சின்ன நாய்களைச் சேர்க்கப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்துக்கொண்டே நின்றாள், அவன் கையைப் பிடித்து இழுக்கும்வரை.

மாலை ஷிஃப்ட்டுக்கு வேறு ஆள் அமைந்து பகல் ஷிஃப்ட் கிடைத்த பின்பு மறுபடி போனார்கள். இந்த முறை பதில் தயாரித்துக்கொண்டு போகவில்லை. பகலில் யாரும் இருக்க மாட்டோம், மதியம் தாண்டி இவர் வருவார், பிறகு நான் வருவேன் என்று உள்ளதைச் சொன்னாள். பொறுப்பாளர் அவர்களைத் தன் அலுவலக அறைக்குள் அழைத்துப் போனார். மேசைக்கடியில் கன்றுக்குட்டி அளவு சாம்பல் நிற நாய் மல்லாந்து கிடந்தது.

"இவ்வளவு பெரிசு மாடி வீட்டுக்கா?" என்றான் கணவன்.

"உடம்புதாங்க பெரிசு. நடுவயசு தாண்டியாச்சு. காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மத்த நேரம் சோபாதான்."

அவன் குனிந்து அதன் தலையைத் தடவினான். அது ஒரு கண்ணைத் திறந்து, அவன் விரலை முகர்ந்து, மூடிக்கொண்டது. பெரியவர் என்று பெயர் வைத்தார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பகல் ஷிஃப்ட்டின் முதல் நாள் அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்து வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். சோபாவில் முக்கால்வாசி அவருடையது. மீதியில் கணவன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அவள் பையை வைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மேசையை நகர்த்தினாள்.

"உக்காரேன்" என்றான் அவன்.

"உக்கார்றேங்க. கொஞ்சம் பழகணும்."

அவன் எழுந்து வந்து மேசையின் மறுமுனையைப் பிடித்தான். அதை எங்கே போடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், பிறகு கதவோரம், பிறகு மறுபடி ஜன்னலோரம்.