காற்றுப் புகாத கதவு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் வீட்டில் இருந்தவர்கள்: என் தம்பி ரகுநாதன், அவன் மனைவி வேதவல்லி, அவன் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் மாணவன் அசோகன், நான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் தன் சன்னலில் ஷ்மிட் என்ற கிழவர் நின்றுகொண்டிருந்தார். இவர்களைத் தவிர வேறு யாராவது நேரில் பார்த்ததாகச் சொன்னால் அது பொய்.

நான் சந்திரா, குடும்பத்தில் மூத்தவள். கும்பகோணத்தில் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேதவல்லியைப் பெண் கேட்டுப் போனது நான். எங்கள் வீட்டில் பெண்ணைக் கை நீட்டி அடிக்கும் வழக்கம் இல்லை என்று அவள் அப்பாவிடம் வாக்குக் கொடுத்ததும் நான்.

எண்ணெய் விலை ஏறிய 1973 கடைசியில் அவர்களோடு சில மாதம் இருக்க வந்தேன். வாசலில் பழைய மரக்கதவு. அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு. வேதவல்லியின் கன்னம் வீங்கியிருந்தது.

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு அக்கா."

அடுத்த வாரம் உதடு கிழிந்திருந்தது. அதற்கும் அலமாரிதான். அவள் கத்தும் சத்தம் கேட்டு ஷ்மிட் வந்து கதவைத் தட்டி, எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார். மறுநாளே ரகுநாதன் எங்களையும் கூட்டிக்கொண்டு புதுக் கதவு வாங்கக் கிளம்பினான்.

"ஹீட்டிங் மொத்தமும் வெளியே போகுது அக்கா. சரியான இன்சுலேஷன் வேணும்."

கடையில் கதவுகளைச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் சின்னச் சின்ன அறைகள். அலுமினியக் கதவு ஒன்றை விற்பனையாளர் காட்டினார். உள்ளே நுரை அடைத்தது, நாலு பக்கமும் ரப்பர் விளிம்பு, நடுவில் எளிதில் உடையாத இரட்டைக் கண்ணாடி. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி விளிம்பருகே பிடித்தார். சுடர் அசையவில்லை. வெளிப்பக்கத்துக் குமிழ் திருகாது, சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடியாது என்றார். ரகுநாதன் அதைக் காதில் வாங்கவில்லை.

"வேதா, உள்ளே போய்க் கத்து."

"கடையிலயாங்க?"

"டெஸ்ட் பண்ணணும். போ."

அவள் போனாள். அவன் கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் திறந்தது. பிறகு அவன் திறந்தான்.

"கத்தினியா?"

"கத்தினேன்."

"ஒண்ணும் கேக்கல. இதையே வாங்கிடலாம்."

விற்பனையாளர் சிரித்தார். கதவு எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கியது. பேருந்தில் திரும்பும்போது அவனிடம் சொன்னேன்: "இனி அவ மேல கை வச்சா உனக்கு அக்கா இல்லடா."

"நீங்க விருந்தாளிக்கா. விருந்தாளி மாதிரி இருங்க."

ஜனவரியில் கதவு பொருத்தினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அசோகன் சாப்பிட வந்திருந்தான். ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

"பரவால்ல சார், நான் ஹாஸ்டல்ல கடல் தண்ணியே குடிக்கிறவன்," என்றான் அசோகன்.

ரகுநாதன் கொதிக்கும் ரசத்தைக் கிண்ணத்தோடு அவள் மார்பில் வீசினான். எழுந்து முகத்தில் குத்தினான். அவள் விழுந்ததும் இடுப்பில் உதைத்தான். நான் நடுவே போனேன். என்னைத் தள்ளியதில் மேசை விளிம்பு என் நெற்றியைப் பிளந்தது. அவள் தலைமயிரைக் கையில் சுற்றி வாசல் வரை இழுத்துப்போய்க் கதவைத் திறந்தான்.

"பனியில நில்லு. அப்பத்தான் புத்தி வரும்."

பனியனும் வேட்டியுமாக, வெறுங்காலோடு படியில் இறங்கி அவளை இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். எலும்பு வரை கடித்தாள். அவன் பிடியை விட்டுப் பின்னால் சறுக்கி விழுந்தான். நிலைப்படிக்கு உள்ளே கிடந்த அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடியில் அவன் முகம் வந்தது. முஷ்டியால் அடித்தான், தோளால் மோதினான். பனி வாரும் மண்வெட்டியை எடுத்து ஓங்கினான். அது கண்ணாடியில் பட்டுத் தெறித்து அவன் மூக்கை உடைத்தது. மறுபடியும் ஓங்கினான். வாயெல்லாம் ரத்தம். அசோகன் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினான்.

"கைய எடு. உக்காரு," என்றேன். உட்கார்ந்தான்.

வேதவல்லி தரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "அக்கா, கத்தறாரா?"

"கத்தறான்."

"ஒண்ணும் கேக்கல."

ஷ்மிட் அழைத்துப் போலீஸ் வந்த பிறகு நான்தான் கதவைத் திறந்தேன். நடந்ததைச் சொல்லி, அவள் நெஞ்சையும் என் நெற்றியையும் காட்டினேன். பனி கடித்து ரகுநாதனின் கால்விரல்களில் இரண்டு போயின. வேதவல்லி இப்போது ஹனோவரில் வேலை பார்க்கிறாள். நான் அவளோடு இருக்கிறேன்.

கும்பகோணம் வரை ஒரு பேச்சு போயிருக்கிறது. ரகுநாதன் பனி வார வெளியே போனானாம், காற்று அடித்துக் கதவு சாத்திக்கொண்டதாம், உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லையாம். குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்து அசோகன் கட்டிவிட்ட கதை இது. அன்று காற்றே இல்லை. கதவைச் சாத்தியவள் வேதவல்லி. திறக்க வேண்டாம் என்றவள் நான்.