பூதலிங்கத்தின் பேரில் வந்தவை

அடியாத மாடு படியாது என்பதில் மேலப்பாளையம் அசன் மைதீனுக்கு அசையாத நம்பிக்கை. மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகூட அவருக்குப் பழக்கம் கிடையாது. இருந்தாலும் ஒரு மாட்டைப் படிய வைத்துவிட்டதாக மூன்று நான்கு மாதமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த மாடு, அம்பாசமுத்திரம் பூதலிங்கம்.

இருவரும் கல்லூரிக் காலத்திலிருந்து சிநேகிதர்கள். வயிற்றுப்பாட்டுக்கு மைதீன் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு வேலை செய்தார். பூதலிங்கம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். சம்பளமில்லாத இன்னொரு வேலையும் இருவருக்கும் இருந்தது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்பது ஒரே அடுப்பில் ஒரே ஆள் சமைத்த சோறு அல்ல. யார் யாரோ எழுதிய மென்பொருளை எடுத்து, மற்றவற்றோடு ஒத்துப்போகிற மாதிரி மூட்டை கட்டி, சோதித்துப் பார்த்து, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று கம்ப்யூட்டரிலேயே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்ப ஆள் வேண்டும். அந்த மூட்டைக்குப் பேக்கேஜ் என்று பேர். தமிழில் தட்டுவதற்கான விசைப்பலகை பேக்கேஜைக் கட்டி அனுப்புகிறவர் பூதலிங்கம். தமிழ்ப் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மேற்பார்க்கிறவர் மைதீன். கூலி கிடையாது, கோபத்துக்கு மட்டும் குறைவில்லை.

தை மாதம் விசைப்பலகையின் புதுப் பதிப்பு வெளிவந்து வெகுநாளாகியும் பூதலிங்கத்திடமிருந்து பேக்கேஜ் வரவில்லை. உலகம் பூராவும் படிக்கிற மின்னஞ்சல் குழுவில் மைதீன் எழுதிவிட்டார்: “முடியவில்லை என்றால் பூதலிங்கம் விட்டுவிட்டுப் போகலாம். வேறு ஆளா இல்லை?”

அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது.

“ஏன் வே, எங்கிட்டப் போன்ல ஏசுனா ஆகாதா? ஊரு உலகமே பாக்க ஏசணுமோ?”

“நேரத்துக்கு அனுப்பியிருந்தா நான் ஏன் வே ஏசுதேன்?”

“ஒடம்புக்கு ஒரு மாதிரி கெடக்கு வே...”

“இந்தச் சாக்கெல்லாம் எங்கிட்ட வேண்டாம்.”

வார்த்தை தடித்தது. போனை வைத்த கையோடு மைதீன் அந்த எண்ணை பிளாக் செய்தார். முன்கோபக்காரன் கையில் போனைக் கொடுக்கவே கூடாது.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. புதுப் பதிப்பு எதுவானாலும் வந்த அன்றே பூதலிங்கத்தின் பேரில், பூதலிங்கத்தின் கையெழுத்தோடு பேக்கேஜ் வந்து விழுந்தது. “பாத்தியா, ஒரு போடு போட்டதும் எப்படி ஓடுதான்னு!” என்று மனைவி ஷம்ஸியாவிடம் மார்தட்டினார்.

“நீங்களா ஒரு சலாம் சொல்லிப் பேசினா கொறஞ்சா போவிய?” என்றாள் அவள்.

“அவன் பேசட்டும்.”

இந்தக் கூட்டத்தாரின் வழக்கமே தனி. பேக்கேஜ் வந்தால் ஆள் சௌக்கியம் என்று அர்த்தம். தனியாக நலம் விசாரிப்பதில்லை. பூதலிங்கத்தின் பேரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் மைதீனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பேசாமல் இருப்பது வலிக்கவும் செய்தது. வீம்பு விடவில்லை.

ஆனி மாதம் வந்த பேக்கேஜ் கோளாறாகிவிட்டது. அதை ஏற்றிக்கொண்ட கம்ப்யூட்டர்களில் தமிழ் விசைப்பலகையே காணாமல் போனது. பள்ளிக்கூடங்களிலிருந்தும் அச்சகங்களிலிருந்தும் புகார்கள் குவிந்தன. பூதலிங்கத்திடமிருந்து பதிலே இல்லை. இப்படிப் பதில் சொல்லாதவரின் பேக்கேஜை ‘அநாதை’ என்று அறிவித்து வேறு ஆளிடம் கொடுப்பது குழுவின் வழக்கம். அறிவிக்க வேண்டியவர் மைதீன். அந்தச் சொல்லைத் தட்ட அவருக்குக் கை வரவில்லை. நேரில் போய் நாலு ஏச்சு ஏசி, அப்படியே ராசியாகிவிட்டு வரலாம் என்று பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தது பூதலிங்கத்தின் மனைவி பிரம்மநாயகி. அவளுக்குப் பின்னால், சுவரில், மாலை போட்ட படத்தில் பூதலிங்கம் இருந்தார்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணாச்சி?” என்றாள்.

மைதீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “எப்ப மதினி?”

“மாசியில. நெஞ்சு வலின்னு பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். உங்க ஊருக்குப் பக்கந்தான? ‘மைதீனைக் கூப்பிடு, ஒரு வார்த்த பேசணும்’னாவ. அவிய போன்லருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எப்பக் கூப்பிட்டாலும் பிசின்னே வந்துது. ‘யார்கிட்டதான் இம்புட்டு நேரம் பேசுதான்’னு கேட்டாவ. மறுநாள் போயிட்டாவ.”

“நான் யார்கிட்டயும் பேசல மதினி. அவன் நம்பர் வராதபடிக்கு நான்தான் அடைச்சு வச்சிருந்தேன்.”

அவள் அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. மைதீன் முகத்தைப் பொத்திக்கொண்டு, யா அல்லா, யா அல்லா என்று அழுதார்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் கேட்டார். “போன வாரங்கூட அவன் பேர்ல வந்துதே மதினி?”

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். மேஜையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தூசி துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போகதுக்கு முந்தி, மூச்சு வாங்க வாங்க இதுலயே உக்காந்து என்னமோ எழுதினாவ. இனி இது தன்னால அனுப்பிக்கிடும்னாவ. ‘நான் வாற வரைக்கும் அமத்திராத நாயகி, பிந்துனா மைதீன் ஏசுவான்’னு சொல்லிட்டுத்தான் ஆட்டோவுல ஏறினாவ. நானும் அமத்தல. கரண்டு போச்சுன்னா இன்வெர்ட்டர ஓடிப் போய்ப் பாப்பேன்.”

மைதீன் திரையைப் பார்த்தார். புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தானே தேடும். வந்திருந்தால் இறக்கி, மூட்டை கட்டி, சோதித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும். தன் கையால் தட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரில்லை பூதலிங்கம். அந்த மனுஷன் தன் கையெழுத்தையே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் இவர் வாய்க்குப் பயந்து.

மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதை அமத்திரணும் மதினி. தப்பாப் போயிட்டுது. கெட்ட பேரு அவனுக்குல்லா வருது.”

“அமத்தினா அவிய பேரு அழிஞ்சிருமா?”

“அழியாது. அனுப்புனது அம்புட்டும் அவன் பேர்லயேதான் கெடக்கும். இனிமே உள்ளத நான் கட்டி அனுப்புதேன்.”

பிரம்மநாயகி கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். எதை அழுத்த வேண்டும் என்று மைதீன் காட்டினார். விரலை அதன்மேல் வைத்தவள், அழுத்தாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

“அமத்திருதேன் அண்ணாச்சி. அவியள ஏச மாட்டியளே?”

மாட்டேன் என்று மைதீன் தலையை ஆட்டினார். அவள் அமத்தினாள்.