குகைச் சுவரில் அருமைநாதன்

போதிசத்துவருக்குத் தன் முகம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அருமைநாதனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நோபல் பார்க் புத்த விகாரையில் கட்டியிருந்த சிமெந்துக் குகையின் சுவரில் ஜாதகக் கதையொன்றை வரையும் பொறுப்பு அவர் மனைவி திலகத்துக்குக் கிடைத்திருந்தது. ஆளைப் பார்க்காமல் அவளுக்கு முகம் வராது.

"புத்தர் முந்தின பிறப்பில ராசாவா இருந்த கதையப்பா. நீங்கள்தான் ராசா," என்றாள்.

அவ்வளவுதான். மனிதர் மீசையை முறுக்கினார், நடையை மாற்றினார். சிட்னிச் சொந்தக்காரர்வரை செய்தி பறந்தது. பக்கத்து வீட்டு இரத்தினசிங்கத்திடம் மட்டும் காணும்போதெல்லாம் சொன்னார். போன வருடம் தமிழ்ச் சங்கத் தலைவர் பதவியைத் தட்டிக்கொண்டு போன ஆளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒன்றுதான் இடித்தது. ராஜாவைச் சிம்மாசனத்தில் இருத்தாமல், குசினியில் இரண்டு கதிரைகளில் கையையும் காலையும் ஊன்றி, நடுவே அந்தரத்தில் குப்புறக் கிடக்கச் சொன்னாள் திலகம். "இது தியாகக் காட்சியப்பா," என்றாள். தியாகத்தில் முதுகு பிடித்துக்கொண்டது.

வெசாக் பண்டிகையன்று முதுகுப் பட்டியோடு குகைக்குள் நுழைந்தார். சுவரில், ஆற்றுக்கு மேலே தன் உடம்பையே பாலமாக்கி, குரங்குக் கூட்டத்தைத் தப்பவைத்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய குரங்கு. மூக்கும் தொந்தியும் சந்தேகமில்லாமல் அருமைநாதனுடையவை. கீழே கிரீடத்தோடு யானைமேல் வீற்றிருந்த காசி ராஜா, சாட்சாத் இரத்தினசிங்கம்.

"குரங்கெண்டு சொல்லேல்லையே!"

"குரங்குகளுக்கு ராசாதானே அப்பா. இரத்தினசிங்கத்தார்தான் பெயின்ற் வாங்கித் தந்தவர், தன்ர முகமும் வேணுமெண்டவர்."

இரத்தினசிங்கம் போனும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். "அருமை, வால் நல்லாப் பொருந்துது!"

அருமைநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே போகத் திரும்பினார். திலகம் கையைப் பிடித்து இழுத்தாள். "கதை முடியேல்லை. அடுத்த சுவரையும் பாருங்கோ."

அங்கே குரங்கு பட்டு மெத்தையில் கிடந்தது. அதன் தியாகத்தைக் கண்டு உருகிப்போன காசி ராஜா, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மண்டியிட்டு அதன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தினசிங்கம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அருமைநாதன் தன் போனை எடுத்தார்.

"திலகம், அந்த வாலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கீறும்," என்றார்.