டேஷ்போர்டுப் பிள்ளையார்

பழனிவேலுக்குத் தன் காரைப் பற்றி இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, அதில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததே இல்லை. சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனுக்கு முன்னால் உருண்டையாக ஒரு பந்து வரைந்த விளக்கு. மச்சான் காரில் அது வருஷக்கணக்காக அணையாமல் எரிகிறது. தன் வண்டியில் சாவி போடும்போதுகூட அது எட்டிப் பார்ப்பதில்லை. பழைய வண்டி வாங்கினாலும் பார்த்து வாங்க வேண்டும் என்று இதை வைத்துத்தான் அவர் உடையார்பாளையம் முழுக்கப் பேசி வந்தார்.

இரண்டாவது, இடது பக்க டேஷ்போர்டில் உட்கார்ந்திருந்த பித்தளைப் பிள்ளையார். ஒரு சாண் உயரம், நல்ல கனம். விற்ற புரோக்கரே ஒட்டி வைத்துக் கொடுத்தது. "வண்டியோட அவரும் உங்களுக்குத்தாங்க. ராசியானவரு, எடுத்துடாதீங்க" என்று அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது பழனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரம் பேச வைத்திருந்த வார்த்தையெல்லாம் அத்தோடு தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஏழு ஏக்கர் முந்திரிக்காட்டைக் கட்டி மேய்க்கிற மனுஷர், சாமி என்று வந்தால் குழந்தைதான்.

பதினோரு மாதம் வண்டி ஒரு குறையில்லாமல் ஓடியது. புதன்கிழமை மகள் சிந்துவுக்குப் பெரம்பலூரில் வளைகாப்பு. புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, ராகுகாலத்துக்கு முன்னால் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சொந்தக் காரில் நானே ஓட்டிக்கொண்டு வந்து கூட்டிப்போவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார். சம்பந்தி குருமூர்த்தியிடமும் சொல்லியிருந்தார். இரண்டாவதுதான் பெரிய விஷயம். குருமூர்த்தி மக்காச்சோள வியாபாரி, ஷோரூமில் எடுத்த புது வண்டி வைத்திருப்பவர், வாடகை வண்டியில் வந்திறங்கினால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை பழனிவேலால் தாங்க முடியாது.

ஏசியில் ஒரு வாடை வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் குமட்டுமே என்று திங்கட்கிழமை காலையில் அரியலூர் செந்துறை ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டார். ஒர்க்‌ஷாப்காரர் பெயர் அறிவழகன். நாற்பது வயது இருக்கும். திருச்சியில் கம்பெனி சர்வீஸில் பத்து வருஷம் இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். சிமெண்டு லாரிகள் போகிற ரோடு என்பதால் வாசலில் நின்ற எல்லா வண்டியும் ஒரே நிறமாக இருந்தது.

அறிவழகன் ஏசியைப் பார்க்க உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அணைத்தார். மறுபடி திருப்பினார். மூன்றாம் தடவை திருப்பிவிட்டு, இந்த வண்டி எங்கே வாங்கியது என்று கேட்டார். பழனிவேல் உற்சாகமாகிவிட்டார். பாருங்கள், ஒரு சிவப்பு லைட் எரியாது என்றார்.

"அதாங்க கோளாறு" என்றார் அறிவழகன். "சாவி போட்டதும் அந்த ஏர்பேக் லைட்டு எரியணும். நாலஞ்சு செகண்ட்ல தானா அணையணும். அணையலன்னா ரிப்பேருன்னு அர்த்தம். எரியவே இல்லன்னா, யாரோ அதோட வாயை அடைச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

இடது பக்கத்து ஏர்பேக்கைத் திறந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிள்ளையாரை எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் பழனிவேலின் முகம் மாறிவிட்டது. சாமிகளோடு ஆகாத குடும்பத்துக்காரர் போலிருக்கிறது, பெயரிலேயே தெரிகிறதே என்று நினைத்தார். நினைத்ததை அவரால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது, கேட்டும்விட்டார். அறிவழகன் கோபப்படவில்லை. அது அப்பா வைத்த பெயர், தான் பிரதோஷம் தவறாமல் கங்கைகொண்ட சோழபுரம் போகிறவன் என்றார். பிள்ளையார் உட்கார்ந்திருப்பது ஏர்பேக் மூடியின் மேல், மோதினால் பை வெடித்து அந்த மூடியைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும், மேலே எது இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் போகும் என்றும் சொன்னார். வேறு யாரும் தொட வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றார் பழனிவேல்.

அறிவழகன் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து டீ சொன்னார். வேலையை ஆரம்பிக்கலாமே என்று பழனிவேல் பறந்தார். பேட்டரியை எடுத்தாலும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், பத்து நிமிஷம் போகாமல் கை வைக்க மாட்டேன் என்று அவர் சொல்ல, சோம்பேறிக்கு ஒரு சாக்கு என்று பழனிவேல் மனசுக்குள் திட்டிக்கொண்டே டீயைக் குடித்தார்.

பத்து நிமிஷம் போனதும் அறிவழகன் இரண்டு முழம் தூண்டில் நரம்பைக் கொடுத்தார். பழனிவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையாரின் அடியில் நரம்பைக் கொடுத்து ரம்பம் அறுப்பது போல இழுத்தார். பிசின் விட்டது. பிள்ளையாரைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளையார் உட்கார்ந்திருந்த இடத்தில் மூடியில் ஒரு நீளமான விரிசல், பசை வைத்து அடைத்து, கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. அறிவழகன் நெம்பியதும் மூடி கையோடு வந்தது. உள்ளே பை இல்லை. ஆடாமல் இருப்பதற்காக ஒரு பழைய துண்டை மடித்துத் திணித்து வைத்திருந்தார்கள்.

வண்டி முன்னாலேயே பலமாக மோதியிருக்கிறது, இரண்டு பையும் வெடித்திருக்கும், கண்ணில் படுகிற ஸ்டீயரிங் பையை மட்டும் ஒழுங்காக மாற்றிவிட்டு இந்தப் பக்கம் மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்றார் அறிவழகன். பதினோரு மாதமாக அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தவள் பழனிவேலின் மனைவி சுந்தராம்பாள். வண்டி கிளம்பிப் பத்தாவது நிமிஷம் அவளுக்குத் தலை தொங்கிவிடும். துண்டு திணித்த ஓட்டைக்கு முன்னால் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கி வந்ததை நினைத்ததும் பழனிவேல் அங்கேயே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். புரோக்கர்மேல் வந்த ஆத்திரத்தைவிட, அவன் கையைப் பிடித்ததும் கண் கலங்கிய தன்மேல் வந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அவன் நம்பரை அடித்துப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்றது.

புதன்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். சிந்துவைப் பின்னால் உட்கார வைக்க முடியாது, பின் சீட்டு என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாந்தி. அறிவழகன் நாலைந்து போன் பேசினார். திருச்சியில் பை இருந்தது, மூடி இருந்தது, மோதியதைக் கணக்கு வைத்திருக்கும் பழைய கண்ட்ரோல் பெட்டிக்குப் பதில் புதுசும் இருந்தது. கழற்றிய பழைய சரக்கு பாதி விலைக்குக் கிடைக்குமே என்று பழனிவேலின் முந்திரி வியாபார மூளை ஒரு நிமிஷம் விழித்துக்கொண்டது. எங்கே நனைந்தது, எங்கே விழுந்தது என்று தெரியாததை வைக்க மாட்டேன் என்று அறிவழகன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பார்சலில் வரவழைக்கவும் மாட்டாராம். உள்ளே வெடிக்கிற மருந்து இருக்கிறது, பஸ்ஸில் போட்டு அனுப்புகிற சாமானில்லை, நாளைக்கு நானே போய் எடுத்து வருகிறேன் என்றார். பழனிவேல் தூண்டில் நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

புதன்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். பிள்ளையாரும் துண்டோடு வந்திருந்தார். சுந்தராம்பாளும் உறவுக்காரர்களும் சோற்றுத் தூக்குகளோடு வேனில் பெரம்பலூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அறிவழகன் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் குருமூர்த்தி போன் செய்தார். எங்கே இருக்கிறீர்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வந்தாச்சு என்று அவசரப்படுத்தினார்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு பழனிவேல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோம்பேறி என்று திங்கட்கிழமை திட்டியவர் இவர்தான்.

சீல் உடையாத பெட்டியிலிருந்து அறிவழகன் பையை எடுத்தார். வெடிக்கிற பக்கம் தன்னைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி பிடித்து நடந்து வந்தார். மேஜையில் வைத்தபோதும் முகம் மேலே பார்க்க வைத்தார். கவிழ்த்து வைத்தால், வெடிக்கும்போது முழுசாகவே கூரைக்குப் பறக்கும் என்றார். மஞ்சள் வயரை மாட்டி, கண்ட்ரோல் பெட்டியை மாற்றி, அடைத்து வைத்திருந்த விளக்குக்கு வழி திறந்துவிட்டு, கடைசியாகப் பேட்டரியை இணைத்து சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பழனிவேல் வாய்க்குள் எண்ணினார். அணைந்தது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தபோதும் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஏசி வாடையும் போயிருந்தது. பழனிவேல் சந்தோஷத்தில் அறிவழகனின் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வேட்டியில் கறை பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

மகளுக்கு சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளுங்கள், பெல்ட் வயிற்றுக்குக் கீழே போக வேண்டும், மேல்பட்டை நெஞ்சுக்கு நடுவே வர வேண்டும் என்று அறிவழகன் சொல்லி அனுப்பினார். பிள்ளையார் டேஷ்போர்டுக்குக் கீழே பூட்டுகிற பெட்டிக்குள் துண்டோடு உட்கார்ந்து பெரம்பலூர் போனார்.

வளைகாப்பு அமோகமாக நடந்தது. பழனிவேல் ஒன்பதரைக்குள் போய்விட்டார். சிந்துவுக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். அவள் சிரிக்கும்போதெல்லாம் அது கலகலத்தது. பதினொன்றரைக்கு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்ப வேண்டும். குருமூர்த்தி சம்பந்தியின் காரைக் குனிந்து பார்த்தார்.

"என்ன சம்பந்தி, பிள்ளையாரக் காணோம்?"

இருபது பேர் நின்றார்கள். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்ற பொய் பழனிவேலின் நாக்கு நுனிவரை வந்து தயாராக நின்றது. சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பார்வை பக்கத்தில் நின்ற குருமூர்த்தியின் காருக்குப் போனது. அதே இடது பக்கம், அதே மூடியின் மேல், ஒரு முருகன். கையில் கூர்மையாக வேல். மாசாமாசம் செக்கப்புக்கு சிந்து அந்த சீட்டில்தான் போய் வந்திருக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாலும் அதில்தான் போவாள்.

பழனிவேல் சொல்லிவிட்டார். புரோக்கர் ஏமாற்றியது, பிள்ளையாருக்கு அடியில் விரிசல், பைக்குப் பதில் துண்டு, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல முகம் சுட்டது. யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். சுந்தராம்பாளுக்கே இது இப்போதுதான் தெரியும். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா ஏமாந்திருக்கீங்க" என்றார் குருமூர்த்தி. அந்தச் சிரிப்பும் வந்தது. "என் வண்டி ஷோரூம்ல எடுத்தது. உள்ள பை இருக்கு."

"இருக்கறதுனாலதாங்க பயம். என் வண்டியிலயாவது அந்தப் பக்கம் வெடிக்க ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. உங்க வண்டியில அது வெடிச்சுக்கிட்டு வரும். அப்ப முருகன் வேலோட எம்பொண்ணு மூஞ்சிக்கு வருவாரு."

குருமூர்த்தியின் சிரிப்பு நின்றது. அவர் தன் காரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள், வளையல் சத்தம்கூட இல்லை. குருமூர்த்தி கேட்டது ஒன்றுதான்.

"இத எப்படிங்க எடுக்கறது?"

பழனிவேல் சட்டைப் பைக்குள் கையை விட்டார். திங்கட்கிழமைச் சட்டையிலிருந்து இந்தச் சட்டைக்கு மாறி வந்திருந்த தூண்டில் நரம்பு அங்கே இருந்தது. ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியைக் குருமூர்த்தி பிடித்தார். பட்டு வேட்டியோடு ஆளுக்கொரு கதவு வழியாகக் குனிந்து இரண்டு சம்பந்திகளும் மாறி மாறி இழுத்தார்கள். ஷோரூம் பிசின் கெட்டியாக இருந்தது. முருகன் மெதுவாகத்தான் விட்டார். குருமூர்த்தி அவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பூஜை அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

"போச்சு, ராகுகாலம் வந்துடுச்சு. இனிமே ஒண்ணரைக்கு மேலதான்" என்றாள் சுந்தராம்பாள்.

வருத்தப்பட்டு ஒருவரும் பேசவில்லை. மறுபடியும் இலை போட்டார்கள். மிச்சமிருந்த புளிச்சோற்றை சிந்து இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். குருமூர்த்தி சம்பந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த அரியலூர் ஒர்க்‌ஷாப்காரர் நம்பரைக் கேட்டு வாங்கினார். பின் சீட்டிலும் ஏதாவது பார்க்க வேண்டுமா என்று விசாரித்தார். பழனிவேலுக்கு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

ஒன்று முப்பத்தைந்துக்கு சிந்துவை முன்னால் உட்கார வைத்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே அவரே சரி செய்து மாட்டினார். மடியில் அவள் வைத்திருந்த தாம்பாளத்தை வாங்கிப் பின்னால் கொடுத்தார். சாவியைத் திருப்பினார்.

"என்னங்க, செவப்பு லைட்டு எரியுது" என்றாள் பின்னாலிருந்து சுந்தராம்பாள்.

"எரியணும்" என்றார் பழனிவேல்.

ஜன்னல் வழியாகக் குருமூர்த்தியும் தலையை நீட்டிப் பார்த்தார். நாலு பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அணைந்தது.

"அணைஞ்சிடுச்சுப்பா, எடுங்க" என்றாள் சிந்து.