கட்டிலோரக் கடல்

ஜேசுராஜ் ஒரு பொருளை வாங்கப் போனால் கடைக்காரனுக்குத் தலைவலி வந்துவிடும். தேனி கடைவீதியில் இருபது வருடமாக இரும்புக் கடை வைத்திருக்கிற மனுசன். எதை எடுத்தாலும் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், "இதவிட ஒசத்தி இல்லையா?" என்பார். அப்பேர்ப்பட்டவர் எண்பத்து மூன்றாம் வருடம் அலைந்து திரிந்து வாங்கியது, வீட்டுக்குள் கடலை வைப்பதற்கான சாமான்கள்.

சிரிக்க வேண்டாம். அவர் மனைவி கிருபாவதி கடலோரத்து மண்டபம் ஊரில் பிறந்தவள். முதுகெலும்பில் நோய் கண்டு, ஆறு மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். பலகைக் கட்டிலில் கிடந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், "ஒரு தடவ கடலப் பாத்தா நல்லாருக்கும்" என்றாள். கேட்டது அவ்வளவுதான். ஜேசுராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி வேலையிலிருந்த அவள் அண்ணன் வைகுண்டராஜுக்குக் கடிதம் போட்டார். பதிலில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. தொட்டியில் இரும்பு படவே கூடாது, உப்புத் தண்ணீர் அரித்துவிடும். காற்று ஊதும் மோட்டார் சின்னதாக ஒன்று, அது நின்றுபோனால் உதவிக்கு இன்னொன்று. மணலுக்கு அடியில் போட சல்லடைத் தட்டு. வெளிச்சத்துக்கு இரண்டு டியூப்லைட். பாறையும் தண்ணீரும் ஒரு மாதம் ஊறிய பிறகுதான் மீன். கடைசி வரி: "உப்பின் அளவு பார்க்கத் தனிக் கருவி அங்கே கிடைக்காது. பால் சொசைட்டியில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிற கருவியே போதும். இருபத்தைந்தில் நிற்க வேண்டும்."

அந்தக் கடைசி வரியை மட்டும் ஜேசுராஜ் பேனாவால் அடித்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு பசு இருந்தது. ஒருநாள் காலையில் அல்லிநகரம் சொசைட்டியில், வரிசையே பார்த்திருக்க, டிகிரி பார்க்கும் சுருளிவேல் அவர் பாலில் கருவியை விட்டுவிட்டு, "தண்ணி சேந்துருக்கு அண்ணாச்சி" என்று கேனைத் திருப்பிக் கொடுத்தான். என் வீட்டுப் பாலிலா தண்ணீர்! ஜேசுராஜ் அங்கேயே அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். மறுவாரம் பசுவை விற்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை.

மற்ற எல்லாம் ஒசத்தியாகவே வந்தன. மதுரையில் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டிச் செய்த மூன்றடித் தொட்டி. சத்தமே கேட்காத மோட்டார் இரண்டு. குமுளிக்குப் போகிற மீன் லாரியில் பாறைத் துண்டுகளும், கேன் கேனாகக் கடல் தண்ணீரும் வந்து இறங்கின. ஒரு மாதம் கழித்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீனும், அவை குடியிருக்க, பூ மாதிரி விரிகிற கடல் சாமந்தி என்ற பிராணி ஒன்றும் வந்தன. கிருபாவதி தலையைத் திருப்பினால் கண்ணுக்கு நேரே தொட்டி. சாமந்தி விரிந்து ஆட, மீன்கள் அதற்குள் நுழைந்து நுழைந்து வந்தன. அவள் அழுதாள். பல நாளைக்குப் பிறகு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அது ஆனி மாதம். தேனிப் பள்ளத்தாக்கில் காற்று பேயாக அடிக்கும். தொட்டியில் தண்ணீர் தினமும் விரற்கடை குறைந்தது. குறையக் குறைய, மிச்சமிருந்த கேன்களிலிருந்து கடல் தண்ணீரை அளந்து ஊற்றினார் ஜேசுராஜ். குறைந்தது கடல் தண்ணீர், அப்போது ஊற்ற வேண்டியதும் கடல் தண்ணீர்தானே? மூன்றாவது வாரம் சாமந்தி சுருங்கி முட்டை அளவாகிவிட்டது. மீன்கள் மணலில் சாய்ந்து கிடந்து மூச்சு வாங்கின. மோட்டாரை மாற்றினார், லைட்டை மாற்றினார், ஒன்றும் கேட்கவில்லை.

கிருபாவதி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "அண்ணன் எழுதுன அந்தக் கருவிய வாங்கலையே நீங்க. போயி சுருளிவேலக் கூட்டியாங்க."

"செத்தாலும் போமாட்டேன்."

"அதுக எங் கண்ணு முன்னால சாகுதுங்க."

ஜேசுராஜ் செருப்பை மாட்டினார். சொசைட்டி வாசலுக்குப் போய், சுருளிவேலின் முகத்தைப் பார்க்காமல், "மீனு சாகக் கெடக்கு. ஒங் கருவிய எடுத்துட்டு வா" என்றார். சுருளிவேல் உடனே எழுந்தான். கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே வந்தான்.

தொட்டித் தண்ணீரைக் குவளையில் மொண்டு கருவியை விட்டான். அது முப்பத்தாறில் நின்றது. "இருபத்தஞ்சுல நிக்கணும்னு அண்ணன் எழுதிருந்தாக" என்றாள் கிருபாவதி.

"உப்பு ஏறிப்போச்சு அண்ணாச்சி. காத்துக்குத் தண்ணிதான் போகும், உப்பு அங்கனயேதான் கெடக்கும். நீங்க மேல மேல கடத்தண்ணியவே ஊத்திருக்கீக. ஒரு செம்பு இத எடுத்துட்டு, ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்துங்க. மணிக்கு ஒரு செம்பு போதும், அவசரப்படாதீக. நாலஞ்சு நாள்ல எறங்கிரும்."

"கடல் மீனுக்குக் கெணத்துத் தண்ணியா?" ஜேசுராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தக் கருவி பேச்சக் கேட்டா? எம் பாலுல தண்ணின்னு புழுகுன கருவிதான இது? இத நம்பி அதுகளக் கொல்லச் சொல்றியா? எடுத்துட்டுக் கெளம்பு."

சுருளிவேல் கருவியைத் துடைத்துத் துண்டில் சுற்ற ஆரம்பித்தான்.

"அது புழுகலைங்க" என்றாள் கிருபாவதி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் உத்தரத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு எங்கண்ணன் வந்துருந்தாக. பாயசம் வச்சேன். சொசைட்டிக் கேன்ல பாலு கொறஞ்சுபோச்சு, அளவுக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்துனேன். நீங்க அது தெரியாம ஊரே பாக்கச் சண்ட போட்டுட்டு வந்தீக. அதுக்கப்பறம் எந்த வாயால சொல்ல?"

ஜேசுராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் சொசைட்டித் தெருவைத் தவிர்த்துச் சுற்றி நடந்த கால்கள் இப்போதுதான் வலித்தன. சுருளிவேலின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"நீங்க ஊத்தலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றான் சுருளிவேல். "தண்ணி சேந்துருக்குன்னுதான் சொன்னேன். நீங்க சேத்தீகன்னு சொல்லலையே."

ஜேசுராஜ் எழுந்து அடுப்படிக்குப் போனார். வந்தபோது கையில் பித்தளைச் செம்பு நிறையக் குடிதண்ணீர். தொட்டியிலிருந்து ஒரு செம்பு அளவுக்கு மொண்டு வாளியில் கொட்டினார். பிறகு குடிதண்ணீர்ச் செம்பைக் கட்டிலோரம் கொண்டுபோய், படுத்திருந்தவளின் கையில் கொடுத்து, தன் கையையும் அடியில் தாங்கிக்கொண்டார்.

"நீயே ஊத்து. ஒனக்குத்தான் கைப்பழக்கம்."