காட்சிக்கு வைத்த கறுப்புக் கண்ணாடி

மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் புதிதாக ஒரு சோதனைப் பெட்டி வந்தது. லென்ஸை அதற்குள் வைத்தால், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்குப் பச்சை விளக்கு எரியும், தடுக்காததற்குச் சிவப்பு. முதலாளி வெளியே போன நேரத்தில், ஷோகேஸில் இருந்த கன்னங்கரிய கண்ணாடி ஒன்றை, அங்கே வேலை பார்க்கும் அவள் வைத்துப் பார்த்தாள்.

சிவப்பு.

அதே வரிசையில் இருந்த இன்னொன்றைத்தான் போன கோடையில், யாரையும் கேட்காமல், அக்கா கணவருக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். பிரேமைக் காட்டுவதற்காகப் போட்டுவைத்த வெறும் சாய பிளாஸ்டிக் அது என்று அப்போது தெரியாது. கறுப்பாக இருந்தது, போதும் என்று நினைத்தாள்.

மாமா உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடிச் சுவர் துடைப்பவர். வெயில் மேலிருந்தும் அடிக்கும், சுவரிலிருந்தும் அடிக்கும். முன்பெல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டாவது வேலை செய்தார். இப்போது அந்தக் கண்ணாடியின் இருட்டுக்குள் கண்பாவை விரிய, தடுக்க ஒன்றுமில்லாமல் கதிர் உள்ளே போகிறது. இடது கண்ணோரம் சதை தடித்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் பட்டதாம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த 'லாம்'களுக்கு நடுவில் அவள் வாயைத் திறக்காமல் நாட்களைக் கடத்தினாள்.

ஒரு மத்தியானம் அவரே கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன கொழுந்தியா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பின்னாடி உங்கக்கா வர்றாளா?" கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "கால் ஆடுது. ஸ்க்ரூவை முறுக்கிக் குடு."

அவள் கை நீட்டுவதற்குள் முதலாளி வாங்கிப் பெட்டியில் வைத்தார். சிவப்பு எரிந்தது.

"எங்க வாங்கினீங்க இதை? இதுக்குப் போடாமலே இருக்கலாம்."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார்.

"பிளாட்பாரத்துல சார்," என்று தலையைச் சொறிந்தார். "மலிவா கெடச்சுதேன்னு..."

"மூளையை வீட்லயே வெச்சுட்டுப் போனீங்களா?"

மாமா அசடு வழியச் சிரித்தார். கண்ணோரத்துச் சதை சிவந்து தெரிந்தது.

"இல்ல சார்," என்றாள். "நம்ம ஷோகேஸ்ல இருந்தது. நான்தான் கேக்காம எடுத்துக் குடுத்தேன்."

"தெரியாமப் பண்ணிருக்கும், விடுங்க சார்," என்றார் மாமா.

"தெரிஞ்சப்புறமும் சொல்லல, மாமா. பெட்டி வந்த அன்னைக்கே பாத்துட்டேன்."

அவருடைய சிரிப்பு நின்றது. அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சாயங்காலம் மேற்குச் சுவர் இருக்கு," என்றார். "எதைப் போட்டுக்கிட்டு ஏறட்டும்?"

முதலாளி அலமாரியைத் திறந்து, பச்சை காட்டிய ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை மாமாவுக்கு மாட்டி, காதுக்குத் தகுந்தபடி காலை வளைத்தாள்.

"வெளுத்துல்ல இருக்கு?"

"இதுதான் தடுக்கும் மாமா. நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டணும். நானும் வர்றேன்."

"உங்கக்காகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

லேசான லென்ஸ் வழியே அவர் கண் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.