மேடைக்கு வெளியே ஒரு சக்கரம்

"எல்லாச் சக்கரமும் மேடைக்கு வரட்டும்!"

ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது இதைக் கத்துவேன். பதினெட்டு வருஷமாக லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன் நான். சுமையைக் குறைத்துக் காட்ட ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வானத்தைப் பார்க்கிற டிரைவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதிலும் மீசை என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன் இருக்கிறான், மகா எத்தன். எத்தனையோ தடவை எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்கியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் தங்கைக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவேடு எழுதிக்கொண்டு தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்தவள். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். மாற்றி வைக்க என்னுடைய கல்லீரலில் ஒரு பகுதி பொருந்தும் என்றார்கள். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. ஆனால் என்னுடையதில் கொழுப்பு. "இளைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டர். அன்றைக்கு நான் தொண்ணூற்றிரண்டு கிலோ.

ஐந்து மாதத்தில் எழுபத்தெட்டுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று என் வயிற்றைத்தான் கேட்க வேண்டும். மனைவி எனக்காக வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்துக் கட்டினாள். காலையில் எழுந்ததும் வாஷ்பேசின் பக்கத்தில் இருக்கும் எடைக்கருவியில் ஏறி நிற்பேன். தங்கை குனிந்து எண்ணைப் பார்த்துச் சுவரில் தொங்கும் காலண்டரில் பென்சிலால் எழுதுவாள். எண் குறையக் குறைய அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்ப்பதற்காகவே பட்டினி கிடக்கலாம் என்று இருந்தது.

வருஷக் கடைசி விடுமுறை வந்தது. பத்து நாள். அது முடிந்த மறுநாள் கடைசி ஸ்கேன், அடுத்த வாரம் ஆபரேஷன். எண்பதைத் தாண்டாமல் வரச் சொன்னார் டாக்டர். இந்தப் பத்து நாளில் எல்லாவற்றையும் பாழாக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுகிறார் இந்த மனுஷன் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

லாரிக்கு ஏது விடுமுறை? வேலைக்குப் போனேன். லாரி முதலாளிகள் எடைமேடைக் கேபினுக்குப் பெட்டி பெட்டியாக இனிப்பு அனுப்புகிற நாட்கள் அவை. சாக்லேட், கேக், முந்திரி வைத்த பிஸ்கட் என்று மேசை கொள்ளவில்லை. முதல் இரண்டு நாளும் வந்ததையெல்லாம் டிரைவர்களுக்கே வாரிக் கொடுத்தேன். "துரும்பா இளைச்சுட்டீங்களே, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்றான் மீசை. போடா என்று விரட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம் கூட்டமில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சம்மதப் படிவத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் படித்தேன். ஆபரேஷனில் எனக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. படித்து முடித்து மடித்து வைத்தேன். அடுத்ததாக நினைவில் இருப்பது, வாயில் சாக்லேட் கரைந்துகொண்டிருந்தது. ஒன்றுதானே என்று நினைத்தேன். பெட்டியில் பன்னிரண்டு இருந்தது. வீட்டுக்குப் புறப்படும்போது வெறும் காகிதம்தான் மிச்சம்.

மறுநாள் காலை எடைக்கருவியில் ஏறியபோது என் இடது முழங்கை தானாகப் போய் வாஷ்பேசின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. தானாக என்றா சொன்னேன்? பொய். நான்தான் வைத்தேன். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியாததா? "எழுபத்தெட்டு" என்று வாசித்து எழுதினாள் தங்கை. எனக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சத்தோடு கேபினுக்குப் போய் இன்னொரு பெட்டியைப் பிரித்தேன். வெட்கங்கெட்டவன்.

ஏழு நாள் இப்படியே போனது. பகலில் தின்றேன், காலையில் முழங்கையை வைத்தேன். நடுவில் ஒரு நாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கேக்கை மனைவி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவளுக்குக் கேக் என்றால் உயிர். எனக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் எடுக்க வேண்டிய காலை. சட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன், முழங்கையை வைத்தேன். எழுபத்தெட்டரை. தங்கை பென்சிலோடு குனிந்து பார்த்தாள். எழுதவில்லை.

"அண்ணா, எல்லாச் சக்கரமும் மேடைக்கு வரட்டும்" என்றாள்.

சத்தமே இல்லாமல் சொன்னாள். முழங்கையை எடுத்தேன். எண் ஓடிப்போய் எண்பத்தொன்றரையில் நின்றது. அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம்.

"அப்பவே நாலு திட்டுத் திட்ட வேண்டியதுதானே?"

"உன் உடம்பை அறுத்துக் குடுன்னு வாங்கிக்கப் போறவ நான். நான் எந்த வாயால உன்னைத் திட்டுவேன்?" பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். பயமா இருக்கா? பயமா இருந்தா சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா ஸ்கேன் வந்து உனக்காகச் சொல்ல வேண்டாம்."

வாய் பொறுக்காமல்தான் தின்றேன் என்று அவளிடம் சொல்லத் தயாராக இருந்தேன். தீனிப்பண்டாரம் என்ற பேர் எவ்வளவோ தேவலை. ஆனால் அந்த மஞ்சள் கண்களை வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள்.

"பயம்தான்" என்றேன். நாற்பத்தாறு வயதில் தங்கை முன்னால் நின்று அழுதேன்.

அன்று ஸ்கேனும் அதையே தன் பாஷையில் சொன்னது: கல்லீரலில் கொழுப்பு திரும்ப ஏறியிருந்தது. டாக்டர் ஆறு வாரம் தள்ளிப்போட்டார். அதுவரை இவள் உடம்பு தாங்குமா என்று மனைவி அவரைக் கேட்டாள். பார்க்கலாம் என்றார். நான் கொண்டுவந்திருந்த சம்மதப் படிவத்தை எடுத்து, அவர் மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எடைக்கருவியில் ஏறி, போலீஸில் பிடிபட்டவன் மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சிரிக்கவில்லை. முதலில் என் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாள். அப்புறம்தான் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.